ஒரு சாண்

தொலைபேசியில் ஹேரத் மாத்தையா சொன்னது இவ்வளவுதான்:
முப்பத்தொரு நாடு, முப்பத்தொரு கொடி.
நீளம் ஆறடி, உயரம் நாலடி.
பெரிசு சிறிசு கிடையாது, திலகேஸ்வரி.
ஒரு நூல் கூடினாலும் என் வேலை போய்விடும்.

கடலைப் பற்றிப் பேசத்
திருகோணமலைக்கு வருகிறார்கள்.
ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் மண்டபத்துக்கு வெளியே
பூச்சுக் காயாத கம்பங்கள்,
எல்லாம் ஒரே உயரம்.

வெட்டத் தொடங்கினேன்.
பன்னிரண்டு கூருள்ள வெள்ளை நட்சத்திரம் ஒன்று.
அந்த நாட்டைக் காலையில் புறப்பட்டால்
மாலைக்குள் நடந்தே சுற்றிவிடலாமாம்.
ஒவ்வொரு கூருக்கும் துணியை ஒருமுறை திருப்ப வேண்டும்.
அகன்ற நாடொன்றுக்கு மூன்றே பட்டை,
முக்கால் மணித்தியாலம்.
இந்தத் துளி நாட்டுக்கு ஒன்றரை நாள்.
என் கத்தரிக்கு முதலில் இது விளங்கவேயில்லை.

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் ஸஜ்னா
வாயில் குண்டூசியோடு
இன்னொரு நாட்டின் மஞ்சள் நட்சத்திரங்களை எண்ணினாள்.
எட்டில் நின்றாள்.
"தீவொண்டக் காணல்ல அக்கா."
மேசைக்கடியில் கிடந்தது.
மிதிச்சிராத, என்றேன்,
ஆக்கள் இருக்கிற தீவு.

கடலே இல்லாத மலைநாடு ஒன்றும் பட்டியலில் இருந்தது.
அதன் கொடி செவ்வகமில்லை,
ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு முக்கோணம்.
ஆறுக்கு நாலில் அதை எங்கே அடக்குவது?
ஹேரத் ஒரு பகல் முழுக்க யோசித்துச் சொன்னார்:
உயரம் சரியாக வந்தால் போதும்,
வடிவம் அவர்களுடையது.
அந்த வசனத்தைச் சோக்கால் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்,
துணிக்கணக்குகளுக்குப் பக்கத்தில்.

முந்தின இரவு ஒருவர் வந்தார்.
அவர்களுடைய கப்பல் உட்துறைமுகத்தில் நிற்கிறது,
அதன் வெளிச்சம் டொக்யார்ட் வீதியில்
என் கடைச்சுவர் வரை.
பட்டுத்துணி, பொன்குஞ்சம்,
தாங்களே தைத்துக் கொண்டுவந்த கொடி.
இதைத்தான் ஏற்ற வேண்டும் என்றார்,
மிக மரியாதையாக.
ஆள் போனபின் அளந்து பார்த்தேன்.
ஒரு சாண் கூட.

ஹேரத் லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.
மற்ற முப்பதையும் ஒரு சாண் பெரிசாக்கலாமா,
விடிவதற்குள்?
துணி இல்லை.
விடியவும் அதிகம் இல்லை.
வைத்துவிட்டுப் போங்கள், என்றேன்.

பட்டு வழுக்கும்,
சிறு ஊசிக்குத்தான் கட்டுப்படும்.
விளிம்பை உள்ளே மடித்து
ஓட்டுத்தையல் போட்டேன்,
உருவினால் ஓர் இழுப்பில் வந்துவிடும்படி.
யாருடைய நாட்டையும் நான் வெட்டவில்லை.
மடித்தேன்,
அவ்வளவுதான்.

காலையில் கச்சான்
உட்துறை நீரைக் கடந்து வந்து
முப்பத்தொன்றையும் ஒரே மூச்சில் தூக்கிற்று.
உள்ளே யார் எவ்வளவு நேரம் பேசினார்கள்,
யார் பேசும்போது யார் எழுந்து போனார்கள்,
எனக்குத் தெரியாது.
வெளியே எல்லாக் கொடியும்
ஒரே சத்தம்தான் போட்டது.
கோட்டை மான் ஒன்று கடைவாசலுக்கு வந்து
பல நாட்டு நறுக்குகளையும் முகர்ந்துவிட்டு
எதையும் தின்னாமல் போயிற்று.

ஒன்று சொல்ல மறந்தேன்.
எங்கள் நாட்டுக் கொடியைத்தான் கடைசியாகத் தைத்தோம்.
அதற்கு அளவுத்தாள் உண்டு:
சிங்கம், வாள், நாலு மூலைக்கு நாலு அரசிலை.
ஓரத்தில் பச்சை, செம்மஞ்சள்.
பச்சையை ஸஜ்னா பிடித்தாள்,
செம்மஞ்சளை நான்.
தாளில் உள்ளபடியே வெட்டினோம்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
ஒரு நூல் கூடவில்லை.

முப்பத்தொன்றுக்கும் ஒரே விலை போட்டுப்
பற்றுச்சீட்டு அனுப்பியிருக்கிறேன்.
பட்டுக் கொடிக்குத் தையற்கூலி எங்கே என்று
ஸஜ்னா கேட்டாள்.
அதை எழுதவில்லை.
எழுதினால்
மடிக்கச் சொன்னது யார் என்று கேட்பார்கள்.